கேள்வி-பதில்: நாமே அனுமதி கொடுத்த வேண்டாத புரோகிராம்கள்

சென்ற இதழில் வைரஸ் குறித்து எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, படித்துப் பார்த்தால், வைரஸைப் பற்றியவை அல்ல. ஹோம் பேஜ் மாறிவிட்டது, கேட்காத புரோகிராம் வந்து உட்கார்ந்திருக்கிறது, நீக்கினாலும் திரும்ப வருகிறது என்பவையே அதிகம். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் ஆன்ட்டி வைரஸ் ஒரு பைலைக் காட்டி அதை ‘பியுபி’ (பொட்டென்ஷியலி அன்வான்டட் புரோகிராம்) என்கிறது. வைரஸ் என்றால் வைரஸ் என்று சொல்லிவிட வேண்டியதுதானே? ‘வேண்டாததாக இருக்கக்கூடும்’ என்று ஏன் இழுக்க வேண்டும்?
– பணி ஓய்வு பெற்ற ஒரு வாசகர்

பதில்: அந்த இழுவைக்குக் காரணம் இருக்கிறது. வைரஸ் உங்களைக் கேட்காமல் நுழைகிறது. நீங்கள் குறிப்பிடும் வகைப் புரோகிராம், எங்கோ ஒரு திரையில் நீங்கள் கிளிக் செய்த ‘நெக்ஸ்ட்’ அல்லது ‘அக்செப்ட்’ பட்டனைச் சம்மதமாகக் காட்டி நுழைகிறது. அதைத் தயாரித்த நிறுவனத்துக்குப் பெயர், முகவரி, உரிம ஒப்பந்தம், வக்கீல் எல்லாம் உண்டு. ‘எங்கள் தயாரிப்பை வைரஸ் என்று சொல்லாதே’ என்று வழக்குப் போடவும் செய்யும். ஸாங்கோ என்ற விளம்பர மென்பொருள் நிறுவனம் தன் புரோகிராம்களைத் தடுத்ததற்காக காஸ்பர்ஸ்கை என்ற ஆன்ட்டி வைரஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது; 2009ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கையின் பக்கம் தீர்ப்பளித்தது. தன் புரோகிராமை வேண்டாதவற்றின் பட்டியலில் சேர்த்ததற்காக எனிக்மா என்ற நிறுவனம், மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் மீது 2016ஆம் ஆண்டு தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் இழுத்தது. இப்படிப்பட்ட சூழ்நிலையில் பிறந்த எச்சரிக்கையான சொல்தான் ‘இருக்கக்கூடும்’ என்பது.

ஒரே பொருளை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில் அழைப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. மால்வேர்பைட்ஸ் ‘பியுபி ஆப்ஷனல்’ என்று தொடங்கும் பெயரைக் காட்டும். மைக்ரோசாஃப்ட் ‘பியுஏ’ (கடைசிச் சொல் புரோகிராமுக்குப் பதில் அப்ளிகேஷன்) என்று குறிக்கும். காஸ்பர்ஸ்கை ‘நாட்-எ-வைரஸ்’, அதாவது ‘வைரஸ் அல்ல’ என்றே எழுதும். அதைப் பார்த்து நிம்மதியடைந்து சும்மா இருந்துவிட்டவர்கள் உண்டு. எந்தப் பெயரில் வந்தாலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை நான் தெரிந்து, வேண்டி, இன்ஸ்டால் செய்தேனா? இல்லை என்றால் நீக்குவதில் தயக்கமே வேண்டாம். ஆமாம் என்றால், அதாவது டோரன்ட் புரோகிராம் போன்ற ஒன்றை நீங்களே விரும்பி வைத்திருந்தால், அதன் ஆபத்தைத் தெரிந்துகொண்டு வைத்துக்கொள்வதும் உங்கள் உரிமையே.

கேள்வி: பிடிஎஃப் பைலை வேர்டாக மாற்றும் இலவசப் புரோகிராம் ஒன்றைத்தான் டவுன்லோட் செய்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு பிரவுசர், ஒரு ‘டிரைவர் அப்டேட்டர்’, ஒரு வானிலைப் புரோகிராம் ஆகியவையும் இருந்தன. இவை எப்படி வந்தன?
– கல்லூரி மாணவர்

பதில்: நீங்கள் டவுன்லோட் செய்தது பெரும்பாலும் அந்தப் புரோகிராமாக இருக்காது, அதை இறக்கித் தரும் சிறிய இன்ஸ்டாலராக இருக்கும். அதன் திரைகளை நினைவுபடுத்திப் பாருங்கள். முதல் திரையில் வரவேற்பு. இரண்டாவதில் உரிம ஒப்பந்தம், கீழே ‘ஐ அக்ரீ’. மூன்றாவது திரையும் அதே நிறம், அதே எழுத்து, அதே நீண்ட ஒப்பந்தம். ஆனால் மேலே சிறிய எழுத்தில் இருக்கும் பெயர் மட்டும் வேறொரு புரோகிராமுடையது. இங்கே ‘அக்செப்ட்’ பட்டன் பளிச்சென்று நீலத்தில் இருக்கும். ‘டிக்ளைன்’ என்பது வெளிறிய சாம்பல் நிறத்தில், கிளிக் செய்தாலும் வேலை செய்யாது என்று நினைக்கும்படி இருக்கும். உண்மையில் அது வேலை செய்யும். நான்காவது, ஐந்தாவது திரைகளும் இப்படியே. சில இன்ஸ்டாலர்களில் ‘எக்ஸ்பிரஸ்’, ‘கஸ்டம்’ என்று இரண்டு வழிகள் தரப்படும். முதலாவதன் அருகில் ‘பரிந்துரைக்கப்படுவது’ என்று இருக்கும். யார் பரிந்துரைக்கிறார்கள் என்று மட்டும் இருக்காது. ‘கஸ்டம்’ என்பதைத் திறந்தால்தான், ஏற்கெனவே டிக் செய்து வைக்கப்பட்டிருக்கும் கட்டங்கள் கண்ணில் படும்.

இதன் பின்னால் இருப்பது எளிய வியாபாரக் கணக்கு. ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் இவ்வளவு பணம் என்று இடைத்தரகர்கள் இன்ஸ்டாலர் தயாரிப்பவருக்குத் தருகிறார்கள். 2016ஆம் ஆண்டு கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, ஒரு இன்ஸ்டாலுக்கு 10 சென்ட் முதல் 1.50 டாலர் வரை தரப்பட்டதாகச் சொல்கிறது. வேண்டாத மென்பொருள் குறித்து வாரத்துக்கு 6 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை கூகுள் காட்டி வந்ததாகவும் அதில் இருக்கிறது. பெயர் தெரியாதவர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. ஜாவாவை இன்ஸ்டால் செய்தால் பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் ஆஸ்க் டூல்பாரும் கூடவே வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். இலவசப் புரோகிராம்களை டவுன்லோட் செய்யத் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம்கூட 2013ஆம் ஆண்டு இன்ஸ்டாலர்களில் கூடுதல் புரோகிராம்களைச் சேர்க்கத் தொடங்கி, 2016ஆம் ஆண்டு உரிமையாளர்கள் மாறிய பிறகே அதைக் கைவிட்டது. இந்தப் பகுதியை எழுதும் நானும், அவசரத்தில் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று தட்டி ஒரு டூல்பாரை வீட்டுக்கு அழைத்து வந்தவன்தான்.

எனவே, புரோகிராம் தேவையென்றால் தயாரித்தவரின் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ எடுங்கள். தேடல் முடிவுகளில் முதலில் நிற்பது பெரும்பாலும் விளம்பரம். தயாரித்தவரின் தளம் அதற்குக் கீழே இருக்கலாம்.

கேள்வி: பிரவுசரைத் திறந்தால் நான் வைக்காத தேடல் பக்கம் ஒன்று வருகிறது. செட்டிங்ஸில் மாற்றினேன், புரோகிராமையும் அன்இன்ஸ்டால் செய்தேன். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடியும் அதே பக்கம். எங்கே ஒளிந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பள்ளி ஆசிரியை

பதில்: இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். இத்தகைய புரோகிராம் ஓர் இடத்தில் ஒளிந்திருப்பதில்லை. வரும்போதே நான்கைந்து இடங்களில் தன்னைக் கட்டி வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு கட்டை அவிழ்த்தால் மற்றொன்று அதைத் திரும்பக் கட்டிவிடுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே அமர்வில், இடையில் ரீஸ்டார்ட் செய்யாமல், வரிசையாகப் பார்க்க வேண்டும். தொடங்கும் முன், தவறு நேர்ந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று சென்று, பட்டியலை இன்ஸ்டால் செய்யப்பட்ட தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். விண்டோஸ் 10 இல் இதே பக்கம் ‘ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். தொல்லை எந்த நாளில் தொடங்கியது என்பது நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது: ஒரே நாளில் மூன்று நான்கு புரோகிராம்கள் கூட்டமாக வந்திருந்தால் அவை ஒரே இன்ஸ்டாலரின் பிள்ளைகள். ஆனால் தேதியை மட்டும் நம்பி எதையும் நீக்கிவிடாதீர்கள். அப்டேட் ஆன நல்ல புரோகிராமும் புதிய தேதியைக் காட்டும். பழைய கன்ட்ரோல் பேனலில் உள்ள பட்டியலில் பப்ளிஷர் பெயரும் சேர்ந்து தெரியும் என்பதால், சந்தேகம் வந்தால் அதையும் பாருங்கள். அன்இன்ஸ்டால் செய்யும்போது வரும் திரையை முழுக்கப் படியுங்கள். ‘நீக்கு’ என்பதும் ‘வைத்துக்கொள்’ என்பதும் இடம் மாறி நிற்கும். ‘நீக்குவதற்குப் பதிலாக இதை முயன்று பாருங்கள்’ என்று இன்னொரு புரோகிராமை நீட்டுவதும் உண்டு.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து பைல் இருக்கும் இடத்தைத் திறந்தால் அது எந்த போல்டரிலிருந்து ஓடுகிறது என்று தெரியும். முறையான புரோகிராம்கள் பெரும்பாலும் ‘புரோகிராம் பைல்ஸ்’ போல்டரில் இருக்கும். பயனரின் ‘ஆப்டேட்டா’ போல்டருக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன பெயரில் ஒன்று ஓடினால் சந்தேகப்படலாம். சந்தேகப்படலாம் என்றுதான் சொல்கிறேன். நல்ல புரோகிராம்கள் சிலவும் அங்கே இருப்பது உண்டு.

உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இருக்கப்போவது மூன்றாவது இடத்தில்: டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரைத் தேடித் திறந்து, இடப்பக்கம் ‘டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி’ என்பதைக் கிளிக் செய்யுங்கள். நடுவில் வரும் ஒவ்வொரு வேலைக்கும் ‘டிரிகர்ஸ்’, ‘ஆக்ஷன்ஸ்’ என்ற டேப்கள் உண்டு. நீங்கள் லாகின் செய்யும்போதெல்லாம், அல்லது மணிக்கொரு முறை, ஏதோ ஒரு பைலை இயக்கு என்றோ பிரவுசரை இந்த முகவரியுடன் திற என்றோ ஒரு வேலை அங்கே எழுதப்பட்டிருந்தால், ரீஸ்டார்ட்டுக்குப் பின் பக்கம் திரும்ப வருவதன் ரகசியம் அதுதான். அதை முதலில் டிஸேபிள் செய்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு டெலீட் செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் என்ற பெயரில் உள்ளே இருக்கும் போல்டரைத் தொட வேண்டாம்.

நான்காவது இடத்தை யாரும் பார்ப்பதில்லை. டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ என்ற கட்டத்தைப் பாருங்கள். கட்டம் குறுகலாக இருப்பதால் எண்ட் கீயை அழுத்தி வரியின் கடைசிக்குப் போங்கள். பிரவுசரின் இஎக்ஸ்இ பைல் பெயரும் மேற்கோள் குறியும் முடிந்த பிறகு ஓர் இடைவெளி விட்டு இணைய முகவரி ஏதேனும் ஒட்டப்பட்டிருந்தால், செட்டிங்ஸில் நீங்கள் என்ன மாற்றினாலும் அந்த ஐகான் வழியாகத் திறக்கும்போது அந்த முகவரியே வரும். முகவரியை மட்டும் அழித்து அப்ளை செய்யுங்கள். ‘புரொஃபைல் டைரக்டரி’ என்று தொடங்கும் சொற்கள் இருந்தால் அவை பிரவுசரே சேர்த்தவை, இருக்கட்டும். டாஸ்க்பாரில் பின் செய்த ஐகானும் ஸ்டார்ட் மெனுவில் உள்ளதும் தனித்தனி ஷார்ட்கட்கள் என்பதால் அவற்றையும் பார்க்க வேண்டும்.

கடைசியாக பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பக்கம். தெரியாததை ரிமூவ் செய்யுங்கள்; ஹோம் பேஜ், தேடல் இன்ஜின், தொடக்கப் பக்கம் மூன்றையும் திருத்துங்கள். நீங்கள் பிரவுசரில் லாகின் செய்து, கம்ப்யூட்டர்களுக்கிடையே பிரவுசர் அமைப்புகளைப் பகிரும் சிங்க் வசதியைப் பயன்படுத்துபவர் என்றால், இந்த எக்ஸ்டென்ஷன் உங்களுடைய வேறொரு கம்ப்யூட்டரிலும் இருக்கக்கூடும். அங்கிருந்து சிங்க் வழியாகத் திரும்பி வரும். ஆகவே சிங்க்கை நிறுத்திவிட்டு இரண்டு கம்ப்யூட்டர்களிலும் நீக்கி, அதன் பிறகு மறுபடி இயக்குங்கள். இவ்வளவும் முடிந்தபின் ரீஸ்டார்ட்.

கேள்வி: குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று வருகிறது. இது என் சொந்தக் கம்ப்யூட்டர். எந்த நிறுவனமும் இல்லை. ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் பட்டனே இல்லை.
– வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்யும் வாசகி

பதில்: அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களின் பிரவுசரைக் கட்டுப்படுத்த ‘பாலிசி’ என்ற வசதி இருக்கிறது. இன்ன எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிர்வாகி எழுதிவைத்தால் ஊழியரால் அதை நீக்க முடியாது. வேண்டாத புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் தன்னையே நிர்வாகியாக நியமித்துக்கொண்டிருக்கிறது. ரிமூவ் பட்டன் காணாமல் போனதற்குக் காரணம் அதுவே.

முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடுகள், பாலிசி என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்யுங்கள். அமலில் உள்ள பாலிசிகள் பட்டியலாக வரும். ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ என்ற வரியும், அதன் எதிரே 32 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளமும் இருந்தால், அந்த அடையாளம் நீக்க முடியாத எக்ஸ்டென்ஷனுடையதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சில ஆன்ட்டி வைரஸ் புரோகிராம்களும் பாலிசி எழுதுவதுண்டு என்பதால், அந்த வாசகம் தெரிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

இந்தப் பாலிசிகள், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் பிரிவில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் இருக்கும். கரன்ட் யூசர் பிரிவிலும் இதே வரிசையில் இருக்கலாம். அந்த ‘குரோம்’ கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பைலாக வைத்துக்கொண்டு, பிறகு அதை மட்டும் டெலீட் செய்து குரோமை மீண்டும் திறந்தால் ரிமூவ் பட்டன் திரும்பியிருக்கும். பாலிசி மறுபடியும் முளைத்தால் அதை எழுதும் புரோகிராம் இன்னும் ஓடுகிறது என்று பொருள்; முந்தைய பதிலில் சொன்ன டாஸ்க் ஷெட்யூலருக்குப் போங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: அலுவலகம் கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கேள்வி: எந்தப் புரோகிராமும் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் வரவில்லை. ஆனால் திரையின் வலப்பக்க மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறது.
– வாசகர்

பதில்: அந்த அறிவிப்பைக் கூர்ந்து பாருங்கள், பிரவுசரின் பெயரும் ஓர் இணையதள முகவரியும் சிறிதாக இருக்கும். ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் பட்டனை அழுத்துங்கள்’ என்ற பக்கத்தில் எப்போதோ அழுத்தியிருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் சென்று அந்த முகவரியை நீக்கினால் நின்றுவிடும். வைரஸ் எதுவும் இல்லை.

கேள்வி: ஒரு கிளீனர் புரோகிராம் என் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. கட்டலாமா?
– சிறுதொழில் நடத்தும் வாசகர்

பதில்: கட்ட வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் மிஞ்சிக் கிடக்கும் பழைய வரி, ஒரு குக்கி, ஒரு டெம்பரரி பைல் என்று ஒவ்வொன்றையும் ஒரு ‘பிழை’யாக எண்ணினால், கடையிலிருந்து நேற்று வாங்கி வந்த கம்ப்யூட்டரிலும் நூற்றுக்கணக்கில் காட்டலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. இலவச ஸ்கேன் செய்து, மிரட்டும் வாசகங்களைக் காட்டி, பணம் கட்டச் சொல்லும் புரோகிராம்களை வேண்டாத மென்பொருளாகவே கருதி நீக்கப்போவதாக அறிவித்து, 2018 மார்ச் 1 முதல் அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது.

இந்த வித்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடை நிறுவனம் வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டரில் ‘ஹெல்த் செக்’ என்று ஒரு புரோகிராமை ஓட்டியது. தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா என்ற வகையில். அவற்றில் ஒன்றில் டிக் செய்தாலே போதும், ஸ்கேன் என்ன கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும், மால்வேர் அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது. அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம் தொடர்ந்த நடவடிக்கையில், 2019ஆம் ஆண்டு அந்த நிறுவனம் 2.5 கோடி டாலரும், புரோகிராமைத் தந்த நிறுவனம் 1 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன. 2024ஆம் ஆண்டு ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள் இதே போன்ற புகாரில் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன.

கேள்வி: இவற்றை நீக்க எந்தக் கருவி நல்லது? ஒரே சமயத்தில் பலவற்றை வைத்துக்கொள்ளலாமா?
– மாணவி

பதில்: முதலில் விண்டோஸிலேயே இருப்பதைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதிக்குள் ‘ரெப்யுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்’ செட்டிங்ஸைத் திறந்தால், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் சுவிட்ச் இருக்கும். இது 2020ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 அப்டேட்டில் வந்தது. 2021 ஆகஸ்ட் முதல் தானாகவே இயக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. இருந்தாலும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அதில் ஆப்களைத் தடுப்பது, டவுன்லோடுகளைத் தடுப்பது என இரண்டு டிக்குகள் உண்டு. இரண்டாவது எட்ஜ் பிரவுசரில் மட்டுமே பலன் தரும். வேறு ஆன்ட்டி வைரஸ் இன்ஸ்டால் செய்து, விண்டோஸின் சொந்த ஆன்ட்டி வைரஸான டிஃபெண்டர் ஓய்வில் இருந்தால் இந்தத் தடுப்பு அந்த ஆன்ட்டி வைரஸின் பொறுப்பு.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவற்றுக்கு ஆட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி சிறந்தது. 2016ஆம் ஆண்டு மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள், ஏனெனில் அதே பெயரில் போலிகளும் உலவியிருக்கின்றன. ஸ்கேன் முடிந்ததும் எல்லாவற்றையும் டிக் செய்து தள்ளாமல் பட்டியலைப் படியுங்கள்; கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் சேர்த்த ஆப்களையும் அது தனியாகக் காட்டும், அவற்றில் உங்களுக்கு வேண்டியதும் இருக்கலாம். நீக்கியவை குவாரன்டைனில், அதாவது தனியே பூட்டிய இடத்தில் இருக்கும் என்பதால் தவறு நேர்ந்தால் மீட்கலாம். எப்போதாவது ஓட்டும் ஸ்கேனர்கள் இரண்டு இருப்பதில் குற்றமில்லை. எப்போதும் காவல் காக்கும் ஆன்ட்டி வைரஸ் மட்டும் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: புதிய கம்ப்யூட்டருடனேயே வந்த புரோகிராம்கள் இந்தக் கணக்கில் வருமா?
– வாசகர்

பதில்: பெரும்பாலானவை வெறும் இடம் அடைப்பவை, தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். ஆனால் 2014–15இல் லெனோவோவின் சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பரப் புரோகிராம் வந்ததை மறக்க முடியாது. பாதுகாப்பான தளங்களிலும் விளம்பரம் செருகுவதற்காக அது தன் சொந்த ரூட் சான்றிதழை, அதாவது எந்தத் தளத்தை நம்பலாம் என்று விண்டோஸுக்குச் சொல்லும் அடிப்படைச் சான்றிதழை, விண்டோஸில் பதித்திருந்தது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே ரகசியச் சாவி. அந்தச் சாவி வெளியே வந்ததும், அந்த லேப்டாப்பிலிருந்து வங்கித் தளத்துக்குப் போகும் இணைப்பைக்கூட இடையில் இருப்பவர் ஒட்டுக்கேட்க முடியும் என்ற நிலை ஏற்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, சூப்பர்ஃபிஷ் புரோகிராமை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் அந்தச் சான்றிதழ் அங்கேயே இருந்தது என்பது. அதைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது.

கேள்வி: எல்லாம் செய்தும் போகவில்லை என்றால்?
– முன்பு எழுதிய அதே பள்ளி ஆசிரியை

பதில்: விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ ஒன்றை ஓட்டிப் பாருங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே சுமார் 15 நிமிடம் சோதிக்கும். அதற்கும் அடங்கவில்லை என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி சென்று ‘ரீசெட் திஸ் பிசி’ செய்வதே நேரத்தை மிச்சப்படுத்தும். ‘கீப் மை பைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பைல்கள் இருக்கும்; நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் அனைத்தும் போய்விடும். பைல்களின் பிரதியை வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டே தொடங்குங்கள். முடிந்த பிறகு, பழைய டவுன்லோட்ஸ் போல்டரில் அந்த முதல் இன்ஸ்டாலர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து அதையும் டெலீட் செய்துவிட்டு, பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.